பன்னிரண்டுக்கு அடுத்த ஒன்று

காலையில் மைதானத்தை நாலு சுற்று நடந்துவிட்டு, ஐந்தாவது சுற்றுக்குப் பதிலாக டீக்கடைக்குப் போகும் நம் பென்ஷன் டீச்சர்கள் கூட்டத்தில், ஒரு மாதமாக என்னைக் காணவில்லை என்று விசாரித்தீர்களாம். மூட்டுவலி என்று ஒருவரும், மகளிடம் பெங்களூருக்குப் போய்விட்டேன் என்று இன்னொருவரும் சொன்னதாகக் கேள்வி. இரண்டும் இல்லை. நான் இங்கேதான், கோவில்பட்டியில், என் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தேன். ரயில்வே கேட்டைப் போடுவதும் திறப்பதுமாக ஒரு மாதம் ஓடிவிட்டது.

விஷயம் இதுதான். மகள் தன் பிள்ளையை மூன்று மாதத்துக்கு என்னிடம் விட்டிருக்கிறாள். பேரனுக்கு மூன்றரை வயது. ஆங்கில எழுத்து இருபத்தாறையும் அட்டையில் தொட்டுக் காட்டுவான். அட்டை வாங்கியது நான், தொடச் சொல்லிக் கொடுத்ததும் நான், பக்கத்து வீட்டாரை உட்காரவைத்துத் தொட்டுக் காட்டச் சொன்னதும் நான். பேச்சு மட்டும் வரவில்லை. தண்ணி, வேணாம், போன் என்று மூன்றே சொல். அதை வைத்தே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனேன். என் மகளைவிட இளைய பெண். காதைச் சோதித்தார், கூப்பிட்டுப் பார்த்தார், தரையில் உட்கார்ந்து ஒரு பந்தை உருட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்ல யாரோட வெளாடுதான்?"

"எழுத்து அட்டை வச்சு தினம் ரெண்டு மணி நேரம் சொல்லிக் கொடுக்குதேன் டாக்டர்."

"அது பாடம் டீச்சர். நான் வெளாட்டைக் கேட்டேன்."

அவரே சொன்னார். "வெலை கொடுத்து பொம்மை வாங்கணும்னு இல்ல. ஒரு டப்பாவை வண்டின்னு நெனச்சு ஓட்டணும். அது கவுந்தா நிமித்தணும். நீங்க ஒரு தடவை, அவன் ஒரு தடவைன்னு காத்திருக்கணும். அப்படி வெளாட வெளாடத்தான் மூளைக்குள்ள ஒண்ணோட ஒண்ணு தொடுப்பு விழுது. பேச்சு, கணக்கு, பொறுமை எல்லாத்துக்கும் அதுதான் அஸ்திவாரம். பேச்சுப் பயிற்சிக்கும் எழுதித் தாரேன். ஆனா அட்டையை எடுத்து உள்ள வைங்க. அவன்கூட நீங்க தரையில உக்காருங்க."

முப்பத்து நாலு வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? நாம் எல்லோரும் சிவப்பு மையில் எழுதிய வாக்கியம் ஞாபகம் இருக்கிறதா? "விளையாட்டுப் புத்தி அதிகம், கவனம் தேவை." நான் எத்தனை பிள்ளைகளுக்கு அதை எழுதியிருப்பேனோ தெரியாது. என் மேஜை இழுப்பறையில் பிடுங்கி வைத்த பம்பரமும் கோலிக்குண்டும் நிறைந்து கிடக்கும். ஓய்வு பெற்ற அன்று அதைக் காலி செய்யும்போது, எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

ஆட்டோவில் திரும்பி வரும்போது பேரன் என் மடியில் தூங்கிவிட்டான். எனக்கு என் தங்கச்சி ஞாபகம் வந்தது. புதியம்புத்தூரில் சட்டை தைக்கும் யூனிட்டில் மேற்பார்வை பார்ப்பவள். அன்று மாலையே போன் போட்டு, "ஏட்டி, ஒரு மாசம் லீவு சொல்லிட்டு இங்கன வா" என்றேன். ஏன் அவளைக் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டுமானால், எனக்குப் பத்து வயதும் அவளுக்கு ஆறு வயதும் ஆன ஒரு கோடையைச் சொல்ல வேண்டும். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

*

எங்கள் ஊர் விளாத்திகுளம் போகிற வழியில். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. பருத்தி காய் பிடிக்கும் முன்பே காய்ந்தது. அப்பா நிலத்தைப் பார்க்கப் போவார், பார்த்துவிட்டு வருவார், அவ்வளவுதான் வேலை. வீட்டில் அடுப்பு எரிந்தது அம்மா ஒட்டிய தீப்பெட்டியால்தான்.

இப்போது எல்லாம் அட்டைப் பெட்டி. அப்போது மெல்லிய மரத்தகடு. அதை மடித்து, நீலத்தாளைச் சுற்றி ஒட்ட வேண்டும். அடிப்பெட்டி ஒருத்தி, மேல்பெட்டி ஒருத்தி. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க என்று சொல்வார்கள். பசியில் பிள்ளைகள் நக்கிவிடாமல் இருக்கவும்தான் என்று பிறகு புரிந்தது. பசையின் புளித்த வாடையோடு நாங்கள் சோறு தின்போம். என் விரல் நுனியெல்லாம் எந்நேரமும் நீலமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கையை விரித்துக் காட்டச் சொன்னால் யார் யார் வீட்டில் பெட்டி ஒட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்கில் ஒரு பெட்டி பிசகாது. பன்னிரண்டு பெட்டி எண்ணியதும் ஒரு புளியமுத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் போடுவாள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவாள். சிரட்டையில் பன்னிரண்டு முத்து சேர்ந்தால் ஒரு குரோஸ், அதாவது நூற்று நாற்பத்து நாலு பெட்டி. வாரம் ஒருமுறை சைக்கிளில் வரும் ஏஜெண்டும் அப்படித்தான் எண்ணி எடுப்பார். தெருவே அப்படித்தான் எண்ணியது. எங்கள் தெருவில் பதின்மூன்று என்ற எண்ணுக்கு வேலையே இல்லை.

தங்கச்சி பேச மாட்டாள். ஆறு வயதாகியும் யாராவது கேட்டால் தலையை ஆட்டுவாள், இல்லாவிட்டால் பாவாடையைக் கடித்துக்கொண்டு நிற்பாள். தெருவில் அவளுக்கு ஊமைச்சி என்று பெயர். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவாள். கசப்பில் அவள் முகம் கோணும். வாயைத் திறந்து அழுதால், "சத்தம் வருது, பேச்சும் வந்துரும்" என்று அம்மா நம்பிக்கையோடு சொல்வாள்.

வேடிக்கை என்னவென்றால், வசம்பு தடவிய பத்தாவது நிமிடம் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் பின்னால் போய் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை. நான் மட்டும் கேட்டேன்.

*

வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதைத் தாண்டினால் எங்கள் கரிசல். கோடையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்பில் என் முழங்கை வரை உள்ளே போகும். அதன் ஓரமாகத்தான் தங்கச்சியின் ரயில் ஓடியது.

ஒட்டும்போது கோணிப்போன பெட்டி, தகடு கீறின பெட்டி எல்லாம் அவளுக்கு. அதுதான் கூட்ஸ் வண்டி. ஒரு பெட்டியில் வேப்பங்கொட்டை, ஒன்றில் பஞ்சு, ஒன்றில் உயிரோடு ஒரு கட்டெறும்பு. எறும்பு இறங்கிப் போய்விட்டால் வண்டியை நிறுத்தி அடுத்த எறும்பு வரும்வரை காத்திருப்பாள். பன்னிரண்டு பெட்டி சேர்ந்ததும் கடைசியில் ஒரு புளியமுத்து வைப்பாள். அதுதான் கடைசியில் நின்று கொடி காட்டும் கார்டு. கார்டு ஏறிவிட்டால் அந்த வண்டி முடிந்தது. அடுத்த வண்டி முதல் பெட்டியிலிருந்து தொடங்கும். எத்தனை வண்டி நிற்கிறது என்று நான் கேட்டால், "ரெண்டும் மூணும்" என்பாள். இரண்டு முழு வண்டியும், மூன்று பெட்டி மிச்சமும். எனக்கு ஒருமுறைகூட அது புரியாமல் இருந்ததில்லை.

இஞ்சின், அப்பாவின் பழைய சைக்கிள் பெல்லின் மூடி. துருப்பிடித்தது. அதைத் தட்டினால் செத்த சத்தம் ஒன்று வரும். "கடம்பூர் வந்துட்டு, கடம்பூர்! எறங்குறவிய எறங்குங்க! ஏ எறும்பு, நீ எறங்காத, ஒனக்கு கோவில்பட்டி!" என்று அதட்டுவாள். கேட் போட ஓர் ஆள் வேண்டும். அது நான். பருத்திமார்க் குச்சியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, அவள் சொல்லும்போது எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் திட்டு விழும். அந்தத் திட்டில் முழு வாக்கியங்கள் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் பாவாடையைக் கடித்துக்கொள்வாள்.

ஒருநாள் இஞ்சின் வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. குனிந்து பார்த்தால் ஆழத்தில் லேசாகத் தெரிந்தது. கை எட்டவில்லை. அவள் அழவில்லை. நீளமான பருத்திமார் ஒன்றை எடுத்து நுனியில் பசையைத் தொட்டு உள்ளே விட்டாள். மூடி ஒட்டிக்கொண்டு பாதி வந்து விழுந்தது. மறுநாள் பசையைக் கெட்டியாகப் பூசி, மூடியில் ஒட்டியபின் காயட்டும் என்று குச்சியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் எடுத்தபோது இன்னும் கொஞ்சம் மேலே வந்து விழுந்தது. மூன்றாம் நாள் குச்சி நுனியில் துணியைச் சுற்றிப் பசையில் முக்கிக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க். எனக்குப் பொறுக்கவில்லை. "தண்ணி ஊத்துனா மேல வரும்ட்டி" என்று செம்பு நிறையக் கொண்டுவந்து ஊற்றினேன்.

கரிசல் மண்ணில் பிறந்தவள் செய்கிற காரியமா அது? ஓரமண் கரைந்து சரிந்தது. உள்ளே சேறாகி மூடிக்கொண்டது. இரும்பு மிதக்காது என்பதுகூட முதல் ரேங்குக்குத் தெரியவில்லை. அவள் கையில் துணி சுற்றிய குச்சியோடு நின்றாள். அப்போதுதான் அழுதாள். அந்தப் பெல் மூடி இன்றைக்கும் அங்கேதான் எங்கோ கிடக்கிறது.

அழுகைச் சத்தத்துக்கு அம்மா வந்தாள். தரையில் வரிசையாக நின்ற பெட்டிகளைப் பார்த்தாள்.

"எந்நேரமும் வெளாட்டு, வெளாட்டு! பேச்சு வராதவளுக்கு வெளாட்டு மட்டும் கேக்குதோ? இப்படியே திரிஞ்சா மூளை எப்படிட்டி வளரும்?"

பெட்டிகளை முறத்தில் அள்ளிக் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். மரத்தகடு என்பதால் நன்றாக எரிந்தது. அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. விடிந்ததிலிருந்து குனிந்து ஒட்டுகிறவளுக்கு, ஒரு பிள்ளை உட்கார்ந்து எறும்பை ரயிலேற்றுவது எப்படித் தெரியும்? ஆனால் அந்தப் பின்கட்டில் அந்தப் பிள்ளை பேச்சும் கணக்கும் பொறுமையும் ஒருசேரப் படித்துக்கொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மூன்று நாளாக ஒரு பெல் மூடியோடு மல்லுக்கட்டிய பிள்ளையைத்தான் நாங்கள் மந்தம் என்று சொன்னோம்.

*

ஜூன் பிறந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம் கம்பங்கூழைக் குடித்துவிட்டு அப்பா அம்மாவிடம் சொன்னார். நான் பசைச்சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போனா பெட்டி யாரு ஒட்டுதது? ஒன் கை ரெண்டு மட்டும் போதுமா? ஒருத்திதான் போவ முடியும். சின்னவளைச் சேத்துக்கிட்டாங்கன்னா அவ போவட்டும், வாய் பேசாத புள்ளைக்கு நாலெழுத்தாவது வேணும். பெரியவ அஞ்சு வரைக்கும் படிச்சிட்டா. போதும். இவ கைவேகத்துக்கு ஆபீஸ் வேனுல அனுப்பினா கட்டை அடுக்கிருவா."

ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ். கட்டை அடுக்குவது என்றால் சட்டத்தில் குச்சிகளை வரிசையாகச் செருகுவது. விடியும் முன்பே வேன் வரும். எங்கள் வகுப்பில் இருந்த இரண்டு பெண்கள் அதில் ஏறிப் போனார்கள்.

"சேத்துக்கலன்னா?" என்றாள் அம்மா.

"சேத்துக்கலன்னா சின்னவ ஒங்கூட இருக்கட்டும். பெரியவ ஆறாப்பு போவட்டும்."

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு அந்த வருடம் இருந்த வழி அவ்வளவுதான். அவர் யோசித்தது சின்னவளுக்காகத்தான். ஆனால் எனக்குக் கேட்டது ஒன்றுதான். சேர்த்துக்கொண்டால் எனக்கு வேன்.

பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே மரத்தடியிலேயே நின்றுவிட்டார். டீச்சர்கள் முன்னால் வரக் கூச்சம். தங்கச்சியை உள்ளே கூட்டிப் போனது நான்.

வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டாள். அதோடு விட்டிருந்தால் சேர்ந்திருப்பாள். ஆனால் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு பழக்கம். அவர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மேஜையில் ஒரு கிண்ணம் நிறையப் புளியமுத்து வைத்திருப்பார். ஒரு குத்து அள்ளிப் போட்டு எண்ணச் சொல்வார். இடம் குறைச்சல், பிள்ளைகள் அதிகம். எண்ணத் தெரியாத பிள்ளையை அடுத்த வருடம் வரச் சொல்வார்.

முத்துகளைப் பார்த்ததும் தங்கச்சியின் முகம் மலர்ந்தது. அவளுக்குத் தெரிந்த சாமான். அடுத்தவர் முன்னால் அவள் வாய் திறந்து நான் பார்த்த முதல் தடவை அதுதான். ஒண்ணு, ரெண்டு என்று சத்தமாக எண்ணினாள். பன்னிரண்டு வந்ததும் அவற்றை ஒதுக்கி, மேஜையில் கிடந்த சாக்பீஸ் துண்டு ஒன்றை முன்னால் வைத்தாள். கார்டு ஏறியாயிற்று. அடுத்த முத்தைத் தொட்டு, "ஒண்ணு" என்றாள்.

"பன்னெண்டுக்கு அடுத்து என்ன?" என்றார் டீச்சர்.

"ஒண்ணு."

டீச்சர் சிரித்தார். பெஞ்சில் இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். தங்கச்சி நிறுத்தவில்லை. இரண்டாவது சாக்பீஸ் துண்டையும் வைத்தாள். மிச்சத்தை எண்ணி முடித்து, நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னாள். "ரெண்டும் ஆறும்."

"ரெண்டும் ஆறும் எட்டு. அதைக்கூடச் சொல்லத் தெரியல்லியே" என்றார் டீச்சர். பிறகு கதவருகில் நின்ற என்னைப் பார்த்தார். "உன் தங்கச்சி வீட்லயும் இப்படித்தான் எண்ணுவாளா?"

நானும் மனதுக்குள் எண்ணியிருந்தேன். முப்பது முத்து. இரண்டு பன்னிரண்டும் ஆறும். ஒன்றுகூடப் பிசகவில்லை. "டீச்சர், அவ டஜனா எண்ணுதா" என்று ஒரு வாக்கியம் போதும். வாயில் வந்துவிட்டது. கூடவே விடிகாலை வேனும் கண்முன் வந்தது.

"ஆமா டீச்சர்" என்றேன்.

அது பொய்யே இல்லை. அதனால்தான் அதை இத்தனை வருடம் என்னால் சுமக்க முடிந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா முன்னால் போனார். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "யக்கா, இன்னும் வெரசா எண்ணிருக்கணுமோ?"

"ம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் சத்தமாக எண்ணி நான் கேட்டதில்லை. உதடு மட்டும் அசையும். அடுத்த வருடம் அவளை மறுபடி கூட்டிப் போக யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியும் நான் சொல்லவில்லை. நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன், பத்துக்குப் போனேன், பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். அவள் பெட்டி ஒட்டினாள், பிறகு கட்டை அடுக்கினாள். புதியம்புத்தூரில் கட்டிக் கொடுத்தோம். அங்கே தையல் மிஷினில் உட்கார்ந்தாள். இப்போது எழுபது பேர் வேலை பார்க்கும் இடத்தில், எந்தக் கட்டில் எத்தனை சட்டை, எத்தனை டஜன் பட்டன் என்று நோட்டைப் பார்க்காமல் சொல்கிறவள் அவள்தான். ஆனால் பாங்க் பாரம் வந்தால் பேத்தியிடம் நீட்டிவிடுவாள். "எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது. சின்னதுலயே பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாவ" என்று சிரிப்பாள். கேட்கும்போதெல்லாம் நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவேன்.

*

போன மாதம் பஸ்ஸைவிட்டு இறங்கியவள் கையில் ஒரு துணிப்பை. உள்ளே நூல் தீர்ந்த குழல்களும் பல நிறத்தில் கழித்த பட்டன்களும். வந்த வேகத்தில் கூடத்துத் தரையில் உட்கார்ந்து குழல்களை வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள். பேரனைக் கூப்பிடவில்லை. அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கடம்பூர் வந்துட்டு, கடம்பூர்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பேரன் போனைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றான். அன்று பார்த்தான். மறுநாள் ஒரு குழலை நகர்த்தினான். ஒரு வாரத்தில் பட்டன்களை ஏற்றி இறக்கினான். என்னைக் கேட் போட உட்கார வைத்துவிட்டாள் தங்கச்சி. கையில் விளக்குமாற்றுக் குச்சி. முட்டி மடக்க முடியாமல் மோடா போட்டு உட்கார்ந்தேன். பதினேழாம் நாள், நான் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பேரன் என் தொடையில் ஓர் அடி போட்டான்.

"ஆச்சி, கேட் போடு! ரயில் வருது!"

நான் கேட்டையும் போடவில்லை, கண்ணையும் துடைக்கவில்லை. அப்படியே இருந்தேன். மறுபடி ஓர் அடி விழுந்தது. அன்றைக்கு மகளிடம் போனில் இதைச் சொல்லும்போது இரண்டு பேருமே அழுதோம். பேச்சுப் பயிற்சிக்கும் போய்க்கொண்டிருக்கிறோம். இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. ஆனால் திட்ட ஆரம்பித்துவிட்டான். திட்டு வந்தால் மற்றது வரும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை. பேரன் குழல்களோடு இருந்தான். தங்கச்சி பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. பன்னிரண்டு ஒதுக்கினாள். ஒரு சிவப்புப் பட்டனை முன்னால் வைத்தாள். மறுபடி தொடங்கினாள். இனியும் அடுப்பைப் பார்க்க எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை.

"ஏட்டி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சின்னதுல நான் ஒனக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன்."

"தெரியும்" என்றாள், தலையைத் தூக்காமல்.

"தெரியுமா?"

"பெல்லு மூடிதான? தண்ணிய ஊத்தி மூடுனியே, முதல் ரேங்கு! இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா எடுத்திருப்பேன். துணி சுத்தி வச்சிருந்தேன்லா?"

"அது இல்லட்டி." சொன்னேன். கிண்ணத்தை, முப்பது முத்தை, சாக்பீஸ் துண்டை, டீச்சர் என்னைக் கேட்டதை, நான் சொன்ன பதிலை, அப்பா பேசியதை, வேனை, எல்லாம்.

அவள் கை பட்டன்மேல் அப்படியே நின்றது. திட்டுவாள் என்று இருந்தேன். எழுந்து போய்விடுவாள் என்றும் நினைத்தேன். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அப்ப நான் தப்பா எண்ணலியாக்கா?"

நண்பர்களே, அவளுக்கு அது தெரியவே தெரியாது. டஜன் டஜனாகவே வாழ்நாளெல்லாம் எண்ணியவளுக்கு, அன்றைக்கும் அதைத்தான் செய்தோம் என்று ஞாபகம் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஞாபகம் இருந்தது அந்தச் சிரிப்பு மட்டும்தான். எண்ணத் தெரியாததால் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை என்றே இத்தனை வருடமும் நம்பியிருக்கிறாள். நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது பள்ளிக்கூடத்தை மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இல்லட்டி. முப்பது. கரெக்டா முப்பது."

"அம்மாட்டயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாக்கா." கையைப் பட்டன்மேலிருந்து எடுத்தாள். "எத்தன வருசம். நான் மக்குன்னு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"சொல்லிருக்கணும். வேனுக்குப் பயந்துட்டேன். மன்னிச்சிருன்னு கேக்கவும் எனக்கு வாய் இல்ல."

பேரன் வந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். ரயிலுக்குச் சரக்கு வேண்டும். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பிரித்து வைத்ததையெல்லாம் கலைத்து, பையிலிருந்து ஒரு குத்துப் பட்டனை அள்ளித் தரையில் போட்டாள். முதல் பட்டனைத் தொட்டாள்.

"ஒண்ணு" என்றாள். சத்தமாக.

பேரன் அவள் வாயைப் பார்த்தான். "ரெண்டு" என்றாள். மூன்றை அவனும் சேர்ந்து சொன்னான். பன்னிரண்டு வந்ததும் அவள் ஒரு சிவப்புப் பட்டனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "இவரு கார்டு. ஏத்தி விடு." அவன் வைத்தான். மறுபடி ஒண்ணு. சமையலறை வரைக்கும் கேட்கிற குரலில் எண்ணினாள். ஆறு வயதில் அந்த மேஜைக்கு முன்னால் நின்ற அதே குரல்தான், எனக்குத் தெரியும். எத்தனை விழுந்திருந்ததோ, கடைசிப் பட்டனையும் எண்ணி முடித்துவிட்டு, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"மூணும் நாலும்" என்றாள். "சரியா, டீச்சர்?"

அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். டீச்சர் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"சரி" என்றேன். "நாப்பது. ரொம்பச் சரி."

"கேட்டைத் தொற, ஆச்சி" என்றான் பேரன். நான் குச்சியைத் தூக்கினேன்.